கிணற்றின் மேல் ஒரு கம்பி வலை

பாய்,

இன்று காலை திருத்தணி கடைத்தெருவில் யாரோ இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

பத்து வருடத்துக்கு முன் பம்புசெட் குழாய்க்கு வெல்டிங் வைக்க எங்கள் நிலத்துக்கு வந்தீர்களே, அன்றுதான் கேட்டேன், கிணற்றுக்கு மேலே கம்பி வலை போட்டுத் தர முடியுமா என்று.

"ஆடு விழுந்துடும் பாய்."

"உங்க ஊட்ல ஆடே இல்லியேமா?"

அப்போது மகள் பிறந்து இரண்டு மாதம். தூக்கம் போய்விட்டிருந்தது. கிணற்றுப் பக்கம் போனால் என் கால்கள் என் பேச்சைக் கேட்காதோ என்று பயம். உங்களிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

"வூட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லுமா. நான் பக்கத்துல நிக்கிறேன்," என்றீர்கள். நின்றீர்கள்.

நான் சொல்லக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போனது. "மனசு போய்ட்டா கம்பியா பாய் தடுக்கும்?"

"அது பொல்லாத நேரம்யா. அத்த தாண்ட வுட்டா போதும். கம்பிய நான் போடுறேன். நீ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

மறுநாளே வலையைப் போட்டுப் பூட்டினீர்கள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தோம். வியாழக்கிழமை விடியலில் நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். எப்படி அங்கே வந்தேன் என்று இன்றும் தெரியாது. கை கம்பியில் பட்டது. பனியில் சில்லென்றிருந்தது. அசைத்தேன், அசையவில்லை. அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. கல்யாணமானதிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஓடி வந்தார். வெள்ளி வரை காத்திருக்கவில்லை, அன்றே போனோம்.

மாத்திரை, டாக்டரோடு பேச்சு, மெல்ல மெல்லத் தூக்கம். மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்க் கம்பியைத் தடவிப் பார்க்கிறேன், எங்காவது துரு பிடித்திருக்குமோ என்று.

போன வாரம் பக்கத்து நிலத்துப் பெண், பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகாதவள், "தூக்கமே வர்லக்கா, இன்னான்னமோ தோணுது," என்றாள். கேட்டால் அந்த எண்ணத்தை நானே கொடுத்ததாகிவிடுமோ? கேட்டேன்.

"செத்துடலாம்னு தோணுதா?"

"ஆங்க்கா."

அவளோடு அவள் வீட்டுக்காரரிடம் போனேன். அவள் சொல்லி முடிக்கும்வரை கையை விடவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். அவர்கள் கிணறு மட்டும் இன்னும் திறந்து கிடக்கிறது. வலை போட ஆள் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், பாய். அதுவரை அவளும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள்.