சாவு வீட்டில் ஒரே சுரம்

பாரிஸில் இருக்கும் என் பிடிவாதக்காரிக்கு,

இங்கே கியூம்ரியில் நான் வாசித்த கச்சேரிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதைப் பத்திரிகையில் படித்திருப்பாய். நான் சொல்ல வந்தது மறுநாள் கதை.

விடுதிக்கு எதிர்வீட்டில் சாவு. துதுக் குழல் வாசிக்க வந்த ஹ்மாயாக்குக்கு ஒத்து ஊத ஆள் இல்லை, கூட்டாளிக்குக் காய்ச்சலாம். நான் என் குழலோடு போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"டிவில வர்ற ஆளுதானே நீங்க? ஒத்து மட்டும் பிடிங்க. உங்க வித்தையெல்லாம் பாரிஸோட வச்சுக்கங்க."

"சரிங்கண்ணே" என்றேன்.

கல்லறை வரை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதன்மேல் அவர் குழல் அழுதது. யாரும் கைதட்டவில்லை. திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, செத்தவரின் மனைவி என் கையில் வோட்காவைத் திணித்து, "யாரு வீட்டுப் புள்ளப்பா நீ?" என்றாள். இத்தனை வருடப் புகழில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தாத்தா பெயரைச் சொன்னேன். தெரிந்தவள் போலத் தலையாட்டினாள்.

திரும்பும் தேதி கேட்டிருந்தாய். வியாழக்கிழமை இன்னொரு சாவு வீடு. ஹ்மாயாக் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். பனி கொட்டத் தொடங்கிவிட்டது. என் கனமான கோட்டை அனுப்பாதே, நீயே எடுத்து வா. உன்னுடையதையும்.

உன் ஒத்துக்காரன்