லேபிள் கிழித்த பாட்டில்

ஜூலை 9, செவ்வாய்
வீட்டுக்காரர் எடை 44 கிலோ. நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால் கீமோ கிடையாதாம். காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின் மீன் எண்ணெய் மாத்திரை. எடையைப் பிடித்து வைக்கலாம், வைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரருக்கு ஏப்பத்தில் மீன் நாறுகிறதாம். ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன், பரவாயில்லை.

ஜூலை 16
மகன் பிழைக்க அத்தை தீ மிதிக்கிறார். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இன்று காப்பு கட்டியாச்சு. கருவாட்டுப் பானையைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். தீமிதி வரை வீட்டில் கவிச்சி கூடாது.
மாத்திரை? பாட்டிலின் லேபிளைக் கிழித்தேன். "சத்து மாத்திரை மாத்திக் குடுத்திருக்காங்க" என்றேன். விழுங்கினார். பாவம் என்றால் எனக்கே வரட்டும்.

ஜூலை 21
44.6! ஒரு வேளையும் தவறவில்லை.

ஜூலை 23
இரண்டு நாளாக இரவு மாத்திரைக்கு அடம். ஊர் நர்ஸ் இளவரசி சொன்னால் கேட்பார் என்று நான்தான் கூப்பிட்டேன். நல்ல பெண், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, மீன் எண்ணெ மாத்திரைய ஒரு வேள கூட வுடக்கூடாது."
அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.
வீட்டுக்காரர் தன் மணிக்கட்டு மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "இன்னாடி பண்ணி வெச்சிருக்க?" தொண்டையில் விரல் விட்டுக் குடலே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.
காப்பு சமாச்சாரத்தை அவளிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலை? மறந்தே போச்சு — அவ்ளோதான், மறந்து போச்சு.

ஜூலை 25
என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அத்தை கொடுக்கிற கஞ்சி இரண்டு வாய். மாத்திரை இல்லை.

ஜூலை 31
41.3. கீமோ போடாமல் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் எல்லார் காதிலும் விழும்படி அத்தை: "காப்பு கட்டினவனுக்கு மீன ஊட்டுனா ஆத்தா வுடுவாளா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஆகஸ்ட் 2
அத்தை தீயில் இறங்கினார். காலில் ஒரு கொப்புளம் இல்லை.

ஆகஸ்ட் 21
விடியற்காலை வீட்டுக்காரர் போய்விட்டார். கடைசி வரை என்னிடம் பேசவில்லை.

செப்டம்பர் 6
நேற்று காரியம் முடிந்தது. இன்று கவிச்சிப் படையல். வஞ்சிர மீன் குழம்பு வைத்தது அத்தை. "எம்புள்ளைக்கு உசுரு இது" என்று அழுதுகொண்டே பரிமாறினார்.
எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து வந்து, மீந்த மாத்திரை அத்தனையையும் படையல் இலையில் கொட்டினேன். "இதுவும் மீனுதான். இப்ப ஊட்டுங்க உங்க புள்ளைக்கு."
அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. மாத்திரைகள் மறைகிற அளவு இன்னும் இரண்டு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, கற்பூரம் ஏற்றச் சொன்னார்.