எதிர்ப் பக்கம் உட்கார்ந்தவள்

இன்று காலை திருநகரில் மகன் வீட்டு வாசலுக்குக் கண்மாய் மீன் விற்க ஒருவர் வந்தார். கூடையைத் திறந்ததும் பாசி வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையிலும் வேட்டியிலும் எத்தனையோ வருஷம் நான் துவைத்துத் துவைத்துத் தோற்ற வாசம். மருமகள் நன்றாகத்தான் குழம்பு வைத்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

சமயநல்லூருக்கு மேற்கே அந்தக் கண்மாயில் நாம் இரண்டு பேரும் ஒரே பரிசலில் வலை போட்டோம். நீச்சல் தெரியாத என்னை ஏற்றிக்கொண்ட முதல் நாளே சொன்னீர்கள்: "நான் தண்ணில விழுந்தா கை குடுக்காத புள்ள. நான் தொங்குற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் போயி உக்காரு. இல்லேனா ரெண்டு பேரும் சேந்து கவுந்துருவோம்." நீங்களாவது விழுவதாவது என்று சிரித்தேன்.

கண்மாய் நிறைந்து மறுகால் போன வருஷம் விழுந்தீர்கள். மூழ்கிக் கிடந்த மரத்தூரில் மாட்டிய வலையை நின்றுகொண்டு இழுத்தீர்கள். அது சட்டென்று விட்டுக்கொடுத்தது. வேட்டியும் வலையும் காலைச் சுற்றிக்கொள்ள, விளிம்பைப் பிடித்துத் தொங்கினீர்கள். பரிசல் உங்கள் பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. "கை குடு புள்ள, கை குடு" என்றீர்கள். சொன்னவரே மறந்துபோனீர்கள்.

நான் தவழ்ந்து எதிர்ப் பக்கம் போனேன். விளிம்போடு ஒட்டி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் கை தானாக நீண்டுவிடும். கரையில் நின்ற உங்கள் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "பாதகத்தி, எந்தம்பியத் தண்ணியில விட்டுட்டு ஒதுங்கி உக்காந்திருக்காளே" என்று கத்தியது எனக்கும் கேட்டது. நான் திரும்பாமலே சொன்னேன்: "காலை ஒதச்சு மெதந்து வாங்க. வவுத்தால ஏறுங்க."

உதைக்கிற சத்தம் கேட்டது. நின்றது. அந்த நேரத்தில் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். மறுபடி கேட்டது. பரிசல் ஒரு குலுக்குக் குலுங்கி மட்டமானது. திரும்பினேன். மிச்ச மீனோடு குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பிற்பாடு கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சிரிப்பீர்கள்: "எம் பொண்டாட்டி மாதிரி யாருக்கு வாய்க்கும் மாப்ள? தண்ணியில விழுந்தா மூஞ்சியத் திருப்பிக்கிருவா." பந்தியே சிரிக்கும். உங்கள் அக்கா சிரிக்க மாட்டார். நானும்தான். கேலியா, மனசில் கிடப்பதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டிருக்கலாம். எதையும் கேட்டு வாங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்.

போன வருஷம் வாய் கோணிப் பேச்சுப் போன பிறகு, நீங்கள் கண் மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் கை குடுக்காதது ஒங்களுக்குக் கோவமா?" என்னையே பார்த்தீர்கள். உதடு அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதக்காரருக்கு அப்படித்தான் வடியும் என்று சொல்லி நர்ஸம்மா துடைத்துவிட்டுப் போனார்.

நான் செய்தது சரிதான். மகன் பிறந்தது அதற்குப் பிறகு. நீங்கள் தோளில் தூக்கித் திரிந்த பேத்தியும் அதற்குப் பிறகு வந்தவள்தான். யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஆனால் நீங்கள் ஒரே ஒரு தடவை, கேலி இல்லாமல், "சரியாத்தான் செஞ்ச புள்ள" என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் இல்லாமல்தான் இருந்துகொண்டிருக்கிறேன்.