நான் சேர்த்த இரண்டாவது வரி

மதுரை
அக்டோபர் 26, ஞாயிறு

அன்பு மகள் ஆன்மேரிக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர என்னிடம் எல்லாம் சுகமாகவே இருக்கிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜெய்சனும் அப்படியே சுகமாக இருக்கத் தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான்கு நாளாக விட்டு விட்டு மழை. பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது, கொத்தனார் தை பிறந்ததும் வருகிறேன் என்கிறார், அதாவது வரமாட்டார். சமயநல்லூர் தையலகத்தில் மூன்று பெண்களும் நலம். பாண்டிச்செல்வி கம்ப்யூட்டர் வகுப்பை முடித்துவிட்டாள், இப்போது அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். அந்தப் படிப்பால்தான் நான் செய்த ஒரு தவறு வெளியே வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

பேரையூர் விடுதியில் நூற்றுநாற்பது பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் கவுன் ஆறு வருஷமாக நாம்தான் தைக்கிறோம். அந்த வேலை வந்தால்தான் நம் பெண்களுக்கு டிசம்பர் வரை கையில் வேலை இருக்கும், வராவிட்டால் மூவரும் வேறு இடம் தேடிப் போக வேண்டியதுதான். விடுதிக்குப் பொறுப்பு இன்னாசியம்மாள். நான் பள்ளி அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது எனக்குக் கீழே எழுத்தராகச் சேர்ந்தவள், உனக்கு நினைவிருக்கும். விலைப்பட்டியல் இனிமேல் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் வரவேண்டும் என்று அவர்கள் விதி மாற்றியதால்தான் தவக்காலத்தில் நீ நம் தையலகத்தின் பெயரில் ஒரு டொமைன் வாங்கிக் கொடுத்தாய். செப்டம்பரில் அந்த முகவரியிலிருந்து இன்னாசியம்மாளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. போனில் கேட்டிருக்கலாம், ஆனால் பட்டியல் அனுப்பிய பிறகு போன் செய்வது கை நீட்டுவது போல என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த மாதக் கடைசியில் ஆரப்பாளையத்தில் ஒரு கல்யாணம், மண்டபத்தில் அவள் என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். நான் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமலே வந்துவிட்டேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று எனக்கு அது சரியென்றுதான் பட்டது.

போன திங்கட்கிழமை அவளே தையலகத்துக்கு வந்துவிட்டாள். குடையை மடக்கக்கூட இல்லை, ஏன்க்கா, எங்க பிள்ளைகளுக்கு இந்தக் கிறிஸ்மஸுக்குத் தைக்கிறதா இல்லையா, நானும் எம்புட்டு நாளா ஒங்க லெட்டருக்குப் பாத்துக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கமிட்டி முடிவு பண்ணுது, நீங்க வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லிருங்க என்று கேட்டாள். மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன் என்று நான் விறைப்பாகச் சொன்னேன். ஒண்ணுகூட வரலைக்கா என்று போனை நீட்டினாள். பாண்டிச்செல்வி எட்டி அதை வாங்கி என்னவோ தட்டினாள், பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஏம்மா, நீங்க எழுதுனது அம்புட்டும் இங்ஙன ஸ்பேம்ல கெடக்கு, லாட்டரிக்காரன், லோன்காரன் கூட நீங்களும் உக்காந்திருக்கீங்க என்றாள். மூன்றின் தலையிலும், அனுப்பியவர் யாரென்று உறுதி செய்ய முடியவில்லை என்று எச்சரிக்கை. எத்தனையோ சான்றிதழ்களை மூலத்தோடு ஒப்பிட்டுத் தலைமையாசிரியை கையெழுத்துக்கு அனுப்பியவள் நான், என்னையே யாரென்று தெரியவில்லை என்கிறது ஓர் இயந்திரம்.

காரணத்தையும் பாண்டிச்செல்விதான் கண்டுபிடித்தாள். நம் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தக் கம்பெனிக்கு அனுமதி உண்டு என்று டொமைன் செட்டிங்ஸில் நீ ஒரு வரி எழுதி வைத்திருந்தாய் அல்லவா. ஆகஸ்டில் நான் பள்ளிகளுக்கெல்லாம் பட்டியல் அனுப்புவதற்காக அஞ்சல் அனுப்பும் வேறொரு கம்பெனியின் சேவையில் சேர்ந்தேன். அவர்களும் அதே மாதிரி ஒரு வரி கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். பதிவேட்டில் இன்னொருவர் எழுதிய வரியைத் தொடக்கூடாது, மாற்றம் இருந்தால் கீழே புதுவரி எழுதித் தேதியும் சுருக்கொப்பமும் இடவேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் நான். உன் வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே என் வரியைச் சேர்த்தேன். மிகச் சரியாகச் செய்ததாக நினைப்பு. ஆனால் அங்கே அனுமதி வரி ஒன்றுதான் இருக்க வேண்டுமாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாதாம். ஒரே கேட்டுல ரெண்டு வாட்ச்மேன் ஆளுக்கொரு லிஸ்ட வச்சுக்கிட்டு நின்னா யாரும்மா நம்புவா என்று பாண்டிச்செல்வி கேட்டாள். உன் வரியை அழிக்க எனக்குக் கை வரவில்லை. எச்சரிக்கையோடு வந்த அஞ்சலைக் கமிட்டி ஏற்காதாம், வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக அஞ்சல் போயாக வேண்டும், இன்னாசியம்மாள் வேறு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் இரண்டு கம்பெனிப் பெயரையும் ஒரே வரியில் எழுதிப் பழைய இரண்டையும் நானே நீக்கினேன். அஞ்சல் வழியில் திருத்தப்படவில்லை என்று காட்ட முத்திரை மாதிரி ஒரு சாவி உண்டு, அதை நான் ஆகஸ்டில் தேவையில்லை என்று விட்டிருந்தேன், அதையும் சேர்த்தோம். மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் எதிரே பச்சைக் குறி வந்துவிட்டது. நான்காம் முறை அனுப்பினேன், ஒரு நிமிஷத்தில் கிடைத்தது என்று இன்னாசியம்மாள் பதில் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். உறையின் பின்னால் ஐரின் ஞானமுத்து என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், என் பெயரை ஒருவன் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. அதைக் கேட்க அந்த இயந்திரத்துக்கு உரிமை உண்டு. எனக்குத்தான், பதில் வராதபோது என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் வேண்டுமென்றே பேசாமலிருக்கிறாள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். புதன்கிழமை பஸ் ஏறிப் பேரையூர் போனேன். ஒரு காலத்தில் அவளை என் மேசைக்கு முன்னால் நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன், அன்று அவள் மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பியது தவறு என்று சொன்னேன். விடுங்கக்கா, நான்கூட போன் போடாம வீம்பாத்தானே இருந்தேன், ஒங்ககிட்ட வேலை கத்தவ வேற எப்புடி இருப்பேன் என்றாள். அப்புறம் வெள்ளிக்கிழமை கமிட்டி சம்மதித்துவிட்டது. ஒவ்வொரு கவுனுக்கும் பை வைக்கச் சொல்கிறாள், துணி போதாது என்று சண்டை நடக்கிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஆகஸ்டில் நீ, பாஸ்வேர்டைக் கொடுங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல நானே செஞ்சுடுறேன் என்றாய். என் அலுவலகத்தை நான் பார்த்துக்கொள்வேன், நீ உன் ஆஸ்பத்திரியைப் பார் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு உன் போன் குறைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வரிச் செய்தி மட்டும் வருகிறது. இரவு டியூட்டியாக இருக்கலாம், ஜெய்சனுக்கு வேலைப்பளுவாக இருக்கலாம் என்று பல காரணங்கள் யோசித்துப் பார்த்தேன். இனி யோசிக்கப் போவதில்லை, கேட்கிறேன். நான் அன்று பேசியது உன் மனதை நோகச் செய்ததா? ஆமென்றால் மன்னித்துக்கொள், கண்ணு. பாஸ்வேர்டைத் தனியாக ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதியதில் திருத்தம் தேவைப்பட்டால் என்னைக் கேட்காமலே திருத்து.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. பதில் எழுத நேரமில்லை என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் எடுப்பேன்.

உன் அம்மா,
ஐரின் ஞானமுத்து