பிள்ளைக்கு என் உடம்பு வேண்டாம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மோட்டார் வைண்டிங் கடைக்கு இன்று லீவு. ராஜிக்கு எட்டாம் மாதப் பரிசோதனை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, மேல்படிப்பு படிப்பவர். பிறக்கும் பிள்ளை உடம்பில் எவ்வளவு கொழுப்பு, அது அம்மா அப்பா உடம்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாராம். ராஜி உடனே சம்மதித்தாள். எனக்கு இஷ்டமே இல்லை. தராசு என்றாலே ஆகாது.

இடுக்கி மாதிரி ஒரு கருவி. மேல்கைச் சதையைக் கிள்ளிப் பிடித்து அளப்பது. ராஜி குச்சி. சட்டென்று முடிந்தது. என் முறை வந்ததும் சிஸ்டர் இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல விரியாது டாக்டர்." வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "பிள்ளையும் என்னை மாதிரிதான் வருமா மேடம்?"

"பிறக்கும்போது இருக்குற கொழுப்பு பெரும்பாலும் அம்மா உடம்போட ஒத்துப்போகும்னு சொல்றாங்க. அப்பாவோடது அவ்வளவு தெளிவா தெரியல."

அப்பாடா.

பஸ்ஸில் ராஜி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அப்போ நான் உடம்பு தேறாம இருக்கதுதான் பிள்ளைக்குக் கேடா?"

நவம்பர் 8, சனி

கடையில் கை ஓடவில்லை. ஒரே மோட்டார் காயிலை மூன்று தடவை பிரித்துக் கட்டினேன்.

ராஜிக்கு வாங்கியது: முட்டை, பேரீச்சை, வேர்க்கடலை, நெய். பாதியை என் தட்டில் தள்ளுகிறாள். "நீங்க பட்டினி கெடந்துக்கிட்டு எனக்கு எதுக்கு ஊட்டுதீங்க?" உண்மைதான். நான்கு நாளாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். இப்போது குறைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல்தான்.

கயத்தாற்றிலிருந்து அக்கா போன். "ஏலே, அவளே எலும்பு. பிள்ளைக்கு எங்கன போய் சதை வரும்?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முட்டாள். ராஜி அழவில்லை. எழுந்து போய் மாவாட்டினாள். அழுதிருந்தால் தேவலை.

நவம்பர் 11, செவ்வாய்

பெண் குழந்தை. நாள் ஆவதற்கு முன்பே. மழையில் ஆட்டோ கிடைக்காமல் பட்ட பாடு, எழுதத் தெம்பில்லை. ராஜி பிழைத்தாள்.

பிள்ளை ரொம்பச் சின்னது. தொடையில் தோல் மடிப்பு மடிப்பாக. உள்ளே ஒன்றுமில்லை. டாக்டரம்மா இடுக்கி வைத்தார். பிடிக்கச் சதை வேண்டாமா?

என்னை மாதிரி வந்துவிடக் கூடாது என்று எத்தனை கோவிலில் வேண்டினேன். வேண்டினது அப்படியே கிடைத்திருக்கிறது.

பிள்ளை உடம்பில் சூடு நிற்கவில்லை என்றார் டாக்டரம்மா. "கொழுப்புதான் பச்சப் பிள்ளைக்குப் போர்வை சார். கடைசி மாசத்துலதான் நல்லா சேரும். இவ அதுக்குள்ள வந்துட்டா."

"ராஜி ஒல்லியா இருக்கதாலயா?"

"அப்படி அவங்க தலையில போடாதீங்க. சீக்கிரம் பிறந்ததுதான் முக்கியக் காரணம்."

இதை ராஜியிடம் இரண்டு தடவை சொன்னேன். கண்ணை மூடியபடி கேட்டாள்.

நவம்பர் 12, புதன்

ராஜிக்குக் காய்ச்சல். பிள்ளையை மாரோடு போட்டுச் சூடு கொடுக்க அவளால் முடியாது. சிஸ்டர் திரையை விலக்கி, "அப்பா யாரு? சட்டையக் கழத்துங்க அண்ணாச்சி."

நானா? வீட்டில் தனியாக இருந்தால்கூட பனியனோடுதான் இருப்பேன். திரைக்கு இந்தப் பக்கம் டாக்டர், ஆயா, வேறு யாரோ. கை பொத்தானிலேயே நின்றது.

"வெக்கப்பட நேரமில்ல. பிள்ளைக்குக் குளுருது."

கழற்றினேன். சாய்வு நாற்காலி. நெஞ்சில் கிடத்தி என்னோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். பிள்ளையின் பாதம் இரண்டும் ஐஸ். அசையப் பயம், மூச்சு விடப் பயம். முதுகு கடுத்தது. எவ்வளவு நேரமோ. பாதம் மெல்ல வெதுவெதுப்பானது.

சிஸ்டர் தொட்டுப் பார்த்தார். "சூடு ஏறிட்டு. நல்ல அகலமான அப்பா. சரிஞ்சு விழ மாட்டா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர்.

நவம்பர் 17, திங்கள்

வெயில். பிள்ளை பால் குடிக்கிறாள். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ராஜிக்குக் காய்ச்சல் விட்டது. இப்போது எங்களுக்குள் சண்டை. "எம்புட்டு நேரம் நீங்களே வச்சிருப்பீங்க? எனக்குத் தாங்க."

டாக்டரம்மாவிடம் கேட்டேன், "என்கிட்டயிருந்து இவளுக்கு என்ன வந்திருக்கு மேடம்?"

"ஒரு குழந்தைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

ஏமாற்றமாக இருந்தது. எதுவும் வரக் கூடாது என்று தவித்தவனுக்கு ஏன் ஏமாற்றம்? புரியவில்லை.

மதியம் அக்கா வந்தாள். பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்து, "ஏலே, இவ..." என்று ஆரம்பித்தாள். ராஜி விடவில்லை.

"மதினி, இவ உடம்பப் பத்தி இங்கன யாரும் பேச வேண்டாம். என்ன பேரு வைக்கலாம்னு சொல்லுங்க."

அக்கா பிள்ளையின் காலை மெல்லக் கீழே வைத்தாள். நானும் ராஜியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதத்தில் ஒரு பெயர்கூட யோசித்திருக்கவில்லை.