ஆஜரில் இருந்த இரண்டு பெயர்கள்

நண்பா,

இன்று காலை ஆபீசில் வெள்ளைக்காரத் துரை ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார். தோட்டத்துப் பள்ளிகளுக்கு அரசாங்கம் தரும் மானியத்தைப் பற்றியது. தினமும் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், சோதனை நாளில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்து மானியம். அந்த மானியத்தைப் பார்த்துத்தான் தோட்டத்து மானேஜர் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பார். இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ஒன்றாகப் படித்தவர்கள் நாம். நான் பள்ளிகளைச் சோதிக்கும் துரைக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். நீ கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாத்தியார் ஆனாய். ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தபோது, தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் அக்காள் தங்கை இருவருக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். தாய் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போவதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த சிறுமிகள்.

"அதுங்க வர முடியலன்னா நான்தானே வரணும்? தெனமும் சாயங்காலம் வரேன். ரிஜிஸ்டர்ல ஆஜர் போட்டுர்றேன்" என்றாய்.

"சம்பளத்துக்காக நீ பொய்யா போடுறதாச் சொல்லப் போறாங்கடா" என்றேன்.

"படிக்குதுங்களே, அப்புறம் என்ன?"

மறு மாதம் துரையோடு சோதனைக்கு நானே வந்தேன். ஒரு நாள்கூட விடாமல் ஆஜர் விழுந்திருந்த அந்த இரண்டு பெயர்களைத் துரை கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இவர்கள் பள்ளிக்கு வருவதுண்டா என்று உன்னைக் கேட்கச் சொன்னார்.

நீ என் முகத்தைப் பார்த்து, தைரியமாகவே சொன்னாய்: "வர்றதில்லீங்க. தம்பியப் பாத்துக்கணும். நான்தான் வீட்டுக்குப் போயிச் சொல்லிக் குடுக்கிறேன். இப்பவே கூட்டியாரேன், படிக்கச் சொல்லிப் பாருங்க."

"வருவதில்லை என்கிறார்" என்று மட்டும் நான் இங்கிலீஷில் சொன்னேன்.

முந்தின வாரம்தான், வேறொரு வாத்தியாருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று துரை என்னை அதட்டியிருந்தார். வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் இல்லை.

"அவ்வளவுதானாடா?" என்று மெல்லக் கேட்டாய். நீ என்ன கேட்டாய் என்று துரை என் பக்கம் திரும்பினார். ஒன்றுமில்லை என்றேன்.

பொய் ஆஜர் என்று எழுதினார்கள். மானியம் குறைந்தது, மானேஜர் உன் சம்பளத்தைப் பாதியாக்கினார். சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய். பிறகு துறைமுகத்தில் மூட்டை எண்ணப் போனாய். அங்கேதான் காய்ச்சல் கண்டது. அதிலேயே போய்விட்டாய். உன் உடலை எடுத்த அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். உன் அம்மா என்னைக் கண்டுவிட்டு, "ஒன்னயத்தான் அடிக்கடி சொல்லுவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

போன வாரம் அந்த இரண்டு சிறுமிகளில் மூத்தவள் ஆபீசுக்கு வந்தாள். வளர்ந்த பெண். ஆசிரியை வேலைக்குத் தன் கையாலேயே விண்ணப்பம் எழுதியிருந்தாள்.

"வாத்தியாரு சொல்லிக் குடுத்த எழுத்துங்க. நீங்க அவரு கூட்டாளியாமே? அவரு ஏங்க பள்ளிக்கூடத்த விட்டுப் போனாரு?"

"தெரியலம்மா" என்றேன்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உத்தரவை வாங்கத் திங்கட்கிழமை வருவாள். நீ பொய் ஆஜர் போட்டதாக எழுதிய காகிதம் இன்னும் இந்த ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கிறது. நீ தினமும் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்ததை அறிந்தவர்களில் நானும் அவளும் அவள் தங்கையும்தான் மிச்சம். திங்கட்கிழமை அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வாய் வருமா என்று எனக்கே தெரியவில்லை.