அடுப்படிக்கு மேலே ஒற்றைச் சக்கரம்

அடுகோடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அடுகோடி தொடங்கி ஆனேக்கல் எல்லை வரை ஒற்றைச் சக்கரத்தில் ஆளப்போகும் மாமன்னர் ஆம்ப்ரோஸ், வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வீற்றிருக்கும் மருமகன் லாயிட்டுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம் என்றே எழுதச் சொன்னாள்.

உன் ஒற்றைச் சக்கர யூனிசைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். கொடுக்கவில்லை. நானே ஏறிவிட்டேன். தொண்ணூறு கிலோவும் தொப்பையுமாகத்தான். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டிப் பழகவே மழைக்காலம் முழுக்கப் போயிற்று. இப்போது குதிக்கப் பழகுகிறேன். முதல் தடவை விழுந்ததில் பொம்மனஹள்ளி வரை பூமி அதிர்ந்து, சனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவுக்கு ஓடி வந்தார்களாம். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மஞ்சுநாத், ஏனு சார் இது, இன்சூரன்ஸ் கட்டியாச்சா என்று கேட்டார். உங்களுக்கு இல்லை சார், கட்டடத்துக்கு என்றார்.

பெடல் இரண்டும் சமமாக நிற்கவேண்டும், சீட்டை விட்டு எழும்பி, அதன் மூக்கை ஒரு கையால் பிடித்துத் தூக்கிக் குதிக்கவேண்டும். நீ செய்வதைப் பார்த்ததெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் சைக்கிள் எழும்பினால் நான் எழும்புவதில்லை. நான் எழும்பினால் அது படுத்துக்கொள்கிறது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து எழும்பினோம். நின்ற இடத்திலேயே தொப், தொப், தொப். இரண்டாயிரம் தடவை குதித்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், ஐந்தோ ஆறோ.

கீழே உன் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நீ குதிக்கிற இடம் சரியாக அடுப்படிக்கு மேலேதானே. டேய் லாயிட், கூரை விழுந்துடும்டா என்று கத்துவாளே, அதே கத்தல் கேட்டது. அப்புறம் படியில் ஓடிவரும் சத்தம். அந்த மூட்டுவலிக்காரி ஓடி வந்தாள் லாயிட். தோசைக்கரண்டியோடு மாடிக் கதவருகே நின்று, வந்துட்டியாப்பா என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

நான் விழுந்தேன். பூமி அதிரவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கீழே தோசை கருகும் வாடை வந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு, நாளைக்கும் குதிடா ஆம்ப்ரோஸ் என்றாள்.

மறுநாளும் குதித்தேன். கத்தல் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி நிற்கிறாள். ஒரு ஆளுக்குப் பதில் இன்னொரு ஆள் குதித்து எத்தனை நாள் ஓட்டுவது, சொல்.

இந்த வாரம் உன்னை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீதான், வரமாட்டேன், இங்கேயே ஏதாவது விடுதியில் இருந்துகொள்கிறேன் என்றாயாம். அம்மா தினமும் என் காலைப் பார்த்து அழுவதை என்னால் பார்க்கமுடியாது என்றாயாம். அந்த லாரி மோதியதற்கு அப்புறம் உன் கால்கள் இனி எழும்பாது என்று டாக்டர் சொன்னபோது நானும்தான் அங்கே நின்றிருந்தேன். அழுவாள்தான். நானும் அழுவேன், ஓசூர் ரோட்டில் படகு விடுகிற அளவுக்கு. ஆனால் நீ எதிரில் இருந்தால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்பாள். இப்போது அவள் அழுவதுகூட இல்லை.

வாசல் படியை உடைத்து, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சரிவாகப் பூசியாயிற்று. சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மாட்டேன் என்பதாக இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல். அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதே.

உனக்காக எதைக் கேட்டு ஜெபிப்பது என்று இன்று பூசையில் எனக்குத் தெரியவில்லை. கால் என்று கேட்க வாய் வரவில்லை. பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டேன். ஆண்டவரிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்கிறேன்.

உன் தாய்மாமன்,
ஆம்ப்ரோஸ்